குரக்கேணிக் கொல்லம், 849: ஓர் எல்லை நகரத்தின் வரவுக் கணக்கு

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மத நல்லிணக்கம். ஒரு சேர நாட்டு ஆட்சியாளர் கிறித்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, நிலம் கொடுத்தார், அதற்கு அரபிகளும் யூதர்களும் பாரசீகர்களும் சாட்சிக் கையெழுத்து இட்டார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஏட்டை வரிவரியாகப் படித்தால் அதில் பக்தி பற்றிய பேச்சு மிகக் குறைவு. எந்த வரி யாருக்கு, எந்த அதிகாரி எங்கே கை வைக்கக் கூடாது, சுங்கப் பணம் அன்றன்றைக்கு யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் நிறைந்திருக்கிறது. அரசனின் கஜானா ஓர் எல்லை நகரத்தில் எப்படி ஓடியது என்பதற்கு நம் பக்கத்தில் இவ்வளவு தெளிவான சான்று அபூர்வம். அதனால் இதை ஒரு வரவு செலவுக் கோப்பாக எடுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

முதலில், கொல்லம் எப்படி எல்லை நகரம்? இன்றைக்குக் கேரளத்தின் நடுத்தென்பகுதியில் இருக்கும் ஊர் அது. செங்கோட்டையில் ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக ரயிலில் போய் இறங்குகிற நமக்கு எல்லை என்றால் ஆரியங்காவுக் கணவாய்தான். அதுவும் 1956 நவம்பர் 1 வரை அப்படி இல்லை. செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் கோடு வேறு இடத்தில் ஓடியது. கொல்லம் இருந்த வேணாடு, சேரப் பெருமாள்கள் என்னும் அரசர்களின் ஆட்சிக்குத் தென்முனை. அதற்குத் தெற்கே ஆய் நாடு. அந்த ஆய் நாட்டின் தலைமேல் பாண்டியரின் கை.

பாண்டியரின் கை என்று சும்மா சொல்லவில்லை. 765 முதல் 815 வரை ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன் தெற்கே இருந்த விழிஞம் துறைமுகத்தை அழித்ததையும், வேணாட்டரசனை வென்று யானைகளையும் பொருளையும் கவர்ந்து சென்றதையும் ஸ்ரீவரமங்கலச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. அவன் காலத்தில்தான் திருநெல்வேலிப் பக்கம் கரவந்தபுரம், அதாவது இன்றைய உக்கிரன்கோட்டை, பெரிய கோட்டையாக எழுந்தது. அடுத்து வந்த ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனும் விழிஞத்தில் வென்றதாகச் சின்னமனூர்ச் செப்பேடு பேசுகிறது. சேரருக்கு விழிஞம் துறைமுகம் கைக்கு எட்டாத நிலை. அரபுக் கப்பல்களோ ஆண்டுதோறும் மிளகுக்கு வந்துகொண்டிருந்தன. ஆகவே வடக்கே, தங்கள் பிடிக்குள் இருக்கும் கடற்கரையில், ஒரு துறைமுகத்தை வளர்த்தாக வேண்டும். குரக்கேணிக் கொல்லம் அப்படி வளர்த்தெடுக்கப்பட்ட ஊர் என்றே நான் பார்க்கிறேன். கொல்லம் ஆண்டு என்னும் ஆண்டுக்கணக்கு 825இல் தொடங்குகிறது. செப்பேடு 849ஐச் சேர்ந்தது. நகரம் அப்போது இளசு.

இப்போது ஏட்டுக்கு வருவோம். கோத்தாணு இரவி என்னும் சேரப் பெருமாளின் ஐந்தாம் ஆட்சியாண்டு. வட்டெழுத்தும் இடையிடையே கிரந்தமும். மொழி, கொஞ்சம் பழகினால் நமக்கே பிடிபடும் மேற்குக்கரைத் தமிழ். கொடுத்தவர் வேணாடு வாழ்கின்ற ஐயனடிகள் திருவடி. கூட இருந்தவர்கள்: இளங்கூறு வாழ்கின்ற இராமதிருவடி, அதிகாரர், பிரகிருதி, புன்னைத்தலைப் பதி, பூழைக்குடிப் பதி, மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். பெருமாளின் பிரதிநிதியாகக் கோயிலதிகாரி விசயராகதேவரும் இருந்தார். கோயில் என்பது இங்கே அரண்மனை. வேணாட்டு ஆட்சியாளர் ஒருவரே தன் இஷ்டத்துக்குக் கொடுத்த கொடை அல்ல இது. மேலே இருக்கும் பெருமாளின் ஆள், பக்கத்து ஊர்த் தலைவர்கள், வணிகக் குழுக்கள் எல்லாரும் உட்கார்ந்து சம்மதித்த ஏற்பாடு.

மணிக்கிராமம் தமிழ் வாசகர்களுக்குப் புதிய பெயர் அல்ல. கொடும்பாளூரிலும் உறையூரிலும் இருந்த வணிகக் குழு. தாய்லாந்தின் தக்குவாபா கல்வெட்டில் ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பும் இவர்களிடம் இருந்தது தெரிகிறது. அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. பள்ளியைக் கட்டியவர் ஏசோ ததபீர். கொடையை நீரேற்று, அதாவது நீர் வார்த்துக் கொடுக்க ஏற்று, வாங்கியவர் மருவான் சபீர் ஈசோ. அவரை ஏடு "இந்நகரம் கண்டு நீரேற்ற" என்ற அடைமொழியோடு குறிக்கிறது. நகரத்தை நிறுவியவரே ஒரு வணிகத் தலைவர் என்று அரசு ஆவணம் ஒப்புக்கொள்கிறது. அரசன் நகரம் கண்டான் என்று எழுத இடமிருந்தும் அப்படி எழுதவில்லை.

நிலம் அளந்த விதமும் பார்க்கத் தக்கது. கிழக்கே வயல்காடு, ஒரு பக்கம் சிறுவாதில்கால் மதில், மேற்கே கடல், வடக்கே தோரணத் தோட்டம், வடகிழக்கே புன்னைத்தலை அண்டிலன் தோட்டம். இந்த எல்லைகளைப் பெண் யானையை நடத்திக் குறித்தார்கள். பிடி நடந்த தடம்தான் அளவு. தானம் கொடுக்கும்போது இப்படிப் பிடி சூழ்வது பாண்டிய, சோழச் செப்பேடுகளிலும் உண்டு. ஊரே பார்க்க யானை நடந்த பிறகு, அந்த எல்லை எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த பகுதி வரிகள். பள்ளிக்கு என்று மரம் ஏறிக் கள் இறக்கும் ஈழவர் நாலு குடியையும் அவர்களைச் சார்ந்த ஏவலரையும் ஒரு வண்ணார் குடியையும் கொடுக்கிறார்கள். இவர்களிடம் வாங்கக் கூடாத வரிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்கள்: தளைக்காணம், ஏணிக்காணம், வீடு மேய்வதற்கான இறை, மேனிப்பொன், பொலிப்பொன், இரவுசோறு, குடநாழி. கொஞ்சம் நின்று இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். மரம் ஏறுகிறவன் காலில் மாட்டும் தளைக்கு ஒரு வரி. சாத்தும் ஏணிக்கு ஒரு வரி. இறக்கிய கள்ளில் குடத்துக்கு ஒரு நாழி. கூரை வேய்ந்தால் வரி. உடம்புக்கு ஒரு வரி. வந்து நிற்கும் அதிகாரிக்கு இராச்சோறு. மரத்தடியிலிருந்து அடுப்பங்கரை வரை ஒரு மனிதனின் ஒவ்வொரு அசைவிலும் அரசின் கை இருந்திருக்கிறது. விலக்கு என்று எழுதியதால்தான் இது நமக்குத் தெரிகிறது. விலக்குக் கிடைக்காத மற்ற ஈழவர் குடிகள் இவை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தமிழகத்திலும் இதே கதைதான். பல்லவர் செப்பேடுகளில் கள் இறக்குவோருக்கு ஈழம்பூட்சி, வண்ணாருக்கு வண்ணாரப்பாறை, குயவருக்குக் குசக்காணம், கல்யாணத்துக்குக் கண்ணாலக்காணம், தறிக்குத் தறியிறை என்று பட்டியல் நீளும். சேர நாட்டு வரிமுறை ஏதோ தனி உலகம் அல்ல. மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கணக்குப்பிள்ளைகள்தான் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த வாசகம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்த ஈழவர் வண்டி கொண்டு அங்காடிக்குள்ளும் மதிலுக்குள்ளும் வியாபாரம் செய்யலாம். வண்ணாரும் அங்காடிக்கும் மதிலுக்கும் வந்து தன் பணியைச் செய்யலாம். தீயமாழ்வானும் மதில்நாயகனும் மற்ற எவரும், என்ன குற்றம் சொல்லியும், இவர்களைத் தடுக்கக் கூடாது. இவர்கள் ஏதாவது பிழை செய்தாலும் பள்ளியாரே விசாரிக்க வேண்டும்.

மதில்நாயகன் என்றால் கோட்டைக் காவலின் தலைவன். தீயமாழ்வான் தீயர் குடிகள்மேல் அதிகாரம் செலுத்தியவன். இந்த இருவரையும் பெயரிட்டுத் தடுக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? எல்லை ஊரில் படை இருக்கும். படை இருந்தால் மதில் வாசலில் ஆள் நிற்பான். வாசலில் நிற்பவன் வண்டியை நிறுத்துவான், ஏதாவது காரணம் சொல்லுவான், கை நீட்டுவான். அரசனின் வரி ஒன்று, அரசனின் ஆட்கள் வாங்குவது இன்னொன்று. இரண்டாவது கூடினால் வியாபாரி வேறு துறைக்குப் போய்விடுவான், முதலாவதும் போய்விடும். ஐயனடிகளுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் இங்கே கட்டிப் போடுவது தன் சொந்த அதிகாரிகளின் கையை.

இவர்கள் தவிர தச்சர் குடியும் நாலு குடி வெள்ளாளரும் கொடுக்கப்பட்டார்கள். வெள்ளாளர் நடுவன நட்டு, இடுவன இட்டு, பள்ளிக்கு வேண்டிய எண்ணெய்யும் மற்றதும் குறைவு வராமல் செய்ய வேண்டும். பள்ளியின் அன்றாடச் செலவுக்கு வழி இது. எடைக்கோல், அளவைகள் ஆகியவற்றின் பொறுப்பும் பள்ளிக்கு உண்டு. வாரக்கோல், பஞ்சக்கண்டி, கப்பான் என்று அவற்றின் பெயர்கள் ஏட்டில் வருகின்றன. துறைமுகத்தில் நிறுக்கிற கோல் யாரிடம் இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. மிளகு வாங்குகிறவனும் விற்கிறவனும் வரி எடுக்கிறவனும் அந்த ஒரு கோலைத்தான் நம்ப வேண்டும். கோலை அரண்மனை வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது கையில் கொடுத்தது.

இனி நகரத்தின் நிர்வாகம். நகரத்துக்குக் காராளர், அதாவது பொறுப்பாளர், அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும். நான்கு வாயிலுக்குள் நிலம் குத்தகைக்குக் கொடுக்கும்போது இரண்டு பங்கு வருகிறது. கோப்பதவாரம் அரண்மனைக்கு. பதிப்பதவாரம் அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும். அரசன் பங்கு, ஊர்ப் பங்கு என்று ஒரே வருமானத்தைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். உல்கு, அதாவது சுங்கம், விதிக்கத் தக்க சரக்குக்கு விலை வைப்பது போன்ற காரியங்களை அரண்மனை தனியாகச் செய்யக் கூடாது, இவர்களையும் கூட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும். அன்றன்று படும் உல்கை அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இலச்சித்து, அதாவது முத்திரை இட்டு, வைக்க வேண்டும்.

அன்றன்று என்ற சொல்லைக் கவனியுங்கள். மாத முடிவில் இல்லை, கப்பல் போன பிறகு இல்லை. அன்றைய வசூல் அன்றைக்கே முத்திரைக்குள் போகிறது. முத்திரை வணிகர்களுடையது. கொல்லத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் செங்கோட்டைக்காரர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ பணம் ராஜாவோடது, முத்திரை யாவாரியோடது. ராஜாவோட ஆளு தனியா பெட்டியைத் திறக்க முடியாது. அப்படித்தானே தம்பி?" என்றார். "ஆமாம் அண்ணாச்சி, அப்படித்தான்" என்றேன். "அப்படின்னாத்தான் கணக்கு நிக்கும்" என்றார். கல்வெட்டு அறிஞர்கள் பல பக்கம் எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். வசூலிக்கிறவனும் கணக்கு வைக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது இன்றைய தணிக்கைக்காரர்களும் முதலில் சொல்லுவது.

இதைவிடப் பெரிய வாசகம் ஒன்று இருக்கிறது. இந்த வணிகர்களுக்கு அநியாயம் ஏதும் நேர்ந்தால், உல்கையும் எடை போடும் கூலியான துலாக்கூலியையும் தடுத்து வைத்துத் தங்கள் அநியாயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்குள் பிழை உண்டானால் அவர்களைக் கொண்டே ஆராய வேண்டும். முதல் வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். குறை தீரும்வரை வரி கட்ட மாட்டோம் என்று சொல்லும் உரிமையை அரசே செப்பில் வெட்டிக் கொடுக்கிறது. மனு கொடு, காத்திரு, விசாரிக்கிறோம் என்ற பேச்சு இல்லை. பணத்தை நிறுத்து, நாங்கள் வந்து தீர்த்து வைக்கிறோம் என்கிறது. கொடையைக் காக்கும் பொறுப்பையும் அறுநூற்றுவரிடமும் இதே அஞ்சுவண்ணம், மணிக்கிராமத்திடமும் ஒப்படைத்தார்கள். அறுநூற்றுவர் வேணாட்டின் படைக்கூட்டம். ஆக, வாளும் பணமும் சேர்ந்து கையெழுத்து இட்ட ஒப்பந்தம்.

ஐயனடிகள் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுத்தார்? பெருந்தன்மை என்று சொல்லி விடலாம். எனக்கு அது போதவில்லை. அவருடைய நிலைமையில் இருந்து யோசித்துப் பாருங்கள். தெற்கே பாண்டியன் எப்போது வருவான் என்று தெரியாது. படை வைக்கப் பணம் வேண்டும். பணம் நெல்லிலிருந்து பெரிதாக வராது, கடலிலிருந்துதான் வரும். கடலில் வருகிறவனை வாள் காட்டி வரவழைக்க முடியாது. இங்கே பிடிக்கவில்லை என்றால் பாய் விரித்துப் போய்விடுவான். அவனைப் பிடித்து வைக்க ஒரே வழி, அவன் பயப்படுகிற விஷயங்களை முன்கூட்டியே எழுத்தில் தடுப்பது. மதில் வாசலில் தொல்லை, கள்ள எடை, இஷ்டத்துக்கு விலை, கணக்கில் மோசடி என்று ஏடு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறது.

அந்தப் பதில் வேலை செய்ததா? இரண்டே ஆண்டுகள் கழித்து, 851இல் தொகுக்கப்பட்ட ஓர் அரபுப் பயணக் குறிப்பு இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து கூலம் மலை, அதாவது கொல்லம், நடுத்தரக் காற்றில் ஒரு மாதப் பயணம் என்கிறது. அங்கே நாட்டின் காவற்படை ஒன்று இருக்கிறது, சீனக் கப்பல்களிடம் 1,000 திர்ஹம் வசூலிக்கிறது, மற்றக் கப்பல்களிடம் அதைவிடக் குறைவு என்கிறது. நல்ல தண்ணீரும் கிடைக்கும். ஒரு கப்பலுக்கு 1,000 வெள்ளிக் காசு! நாலு குடி ஈழவரின் தளைக்காணத்தையும் ஏணிக்காணத்தையும் எத்தனை ஆண்டு சேர்த்தால் அவ்வளவு வரும்? விட்டது எது, பிடித்தது எது என்பது இந்த இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரிகிறது. வசூல் செய்தது காவற்படை என்பதையும் மறக்கக் கூடாது. எல்லை ஊரில் படைக்கான செலவும் வரியின் வரவும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

சாட்சிக் கையெழுத்துகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கூபி என்னும் பழைய அரபு எழுத்தில் அரபு மொழியில் 11 பேர், பழைய பாரசீகமான பஹ்லவியில் 10 பேர், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் 4 பேர். மொத்தம் 25. இவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல. நாளைக்கு அரண்மனை வாக்குத் தவறினால், இந்த ஒப்பந்தம் இருந்தது என்று பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் போய்ச் சொல்லக் கூடியவர்கள். கொல்லத்தின் பெயர் அங்கே கெட்டால் கப்பல் வராது. ஒவ்வொரு கையெழுத்தும் அரசன்மேல் ஒரு கட்டு.

சரி, எல்லாம் நன்றாக இருந்ததா என்றால், இல்லை. வரி நிறுத்தும் உரிமை வணிகருக்குக் கிடைத்தது. ஈழவருக்கும் வண்ணாருக்கும் கிடைத்தது வரிவிலக்கு மட்டுமே. அதுகூட அவர்களுக்கென்று சொல்ல முடியாது, பள்ளிக்குக் கிடைத்த சொத்தோடு ஒட்டியது. அவர்கள் நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டார்கள். தலைவிலை, முலைவிலை என்று ஏட்டில் வரும் தொகைகளையும் பள்ளியார் எடுத்துக்கொள்ளலாம். அடிமை ஆண், பெண் விற்பனையோடு தொடர்புடைய தொகை என்று ஆய்வாளர் சிலர் பொருள் கொள்கிறார்கள். மருவான் சபீர் ஈசோவின் பெயர் இருக்கிறது, அண்டிலன் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, கோலின் பெயர்கூட இருக்கிறது. மரம் ஏறியவன் பெயர் ஒன்றுகூட இல்லை. நாலு குடி என்ற எண்ணோடு சரி. சபையில் யார் யார் இருந்தார்கள் என்ற நீண்ட வரிசையிலும் அவர்கள் இல்லை. நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இணக்கம் மேல்தட்டில் நடந்தது. அதன் எண்ணெய்ச் செலவை நடுவன நட்டவர்கள் சுமந்தார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆய் நாட்டில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 866இல் ஆய் அரசன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலும் 95 பேர் படிக்கும் சாலையும் அமைத்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. அரசன் அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை, மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான். ஒரே தலைமுறையில், எல்லையின் இரு பக்கமும், அரசன் உள்ளூர்க் குழுக்களோடு பேசித்தான் காரியம் சாதிக்கிறான். ஒரு பக்கம் வணிகர், மறுபக்கம் சபையார். முடியாட்சி என்றால் வைத்ததுதான் சட்டம் என்று பாடப் புத்தகங்கள் நம் மனதில் பதித்த படத்துக்கு இது பொருந்தாது.

கொல்லத்து ஏற்பாடு எவ்வளவு காலம் நீடித்தது? அறுநூற்றுவர் என்ற பெயர் கொல்லத்து இராமேசுவரம் கோயில் கல்வெட்டில் மீண்டும் வருகிறது. கொல்லம் தோன்றி 278ஆம் ஆண்டு, அதாவது 1102 வாக்கில், கடைசிச் சேரப் பெருமாளான இராமகுலசேகரன் குரக்கேணிக் கொல்லத்து அரண்மனையில் இருந்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சோழப்படை கொல்லம்வரை வந்து போயிருந்தது. எல்லை ஊர் அப்போது தலைநகரமே ஆகிவிட்டது. பிராமணர்களுக்கு இழைத்த தவறுக்குப் பிராயச்சித்தமாக நெல் கொடுக்க அவன் அங்கே ஒப்புக்கொள்கிறான். பெருமாளையே இறங்கி வரச் செய்யும் குழுக்கள் அப்போதும் இருந்தன.

1170 வாக்கில் கொல்லத்தைப் பற்றி எழுதிய யூதப் பயணி துதேலாவின் பெஞ்சமின் சொல்வது இன்னும் நெருக்கமானது. வெளிநாட்டு வணிகர்கள் துறைக்கு வந்ததும் அரசனின் எழுத்தர் மூவர் கப்பலுக்கு இறங்கிப் போய் அவர்கள் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். பிறகு அவர்களை அரசனிடம் கூட்டிப் போகிறார்கள். அவர்கள் சரக்குக்கு அரசனே பொறுப்பு ஏற்கிறான், திறந்த வெளியில் காவல் இல்லாமலே போட்டு வைக்கலாம். காணாமல் போன பொருளுக்கென்று ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார், உடையவர் அடையாளம் சொன்னால் பொருள் திரும்பக் கிடைக்கும். சேரப் பெருமாள்கள் அப்போது இல்லை. வேணாட்டார் தனியரசு ஆகியிருந்தார்கள். ஏடு வெட்டி முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும், கொல்லத்துக்கு வருகிற வணிகனின் பொருளுக்கு அரசன் பொறுப்பு என்ற பேச்சு மாறவில்லை.

செப்பேடு இப்போது கோட்டயத்திலும் திருவல்லாவிலுமாகப் பிரிந்து இருக்கிறது. கொல்லத்தில் இல்லை. படித்துப் பார்க்க விரும்புகிற தமிழர்களுக்கு ஒன்று சொல்வேன்: மலையாள எழுத்தில் அச்சான பாடத்தை யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் காதால் கேளுங்கள். உல்கு, துலாக்கூலி, அங்காடி, மதில், குடி, இறை எல்லாம் பொழிப்புரை இல்லாமலே புரியும்.